சரக்கு

'சரக்கு' என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? பொய் சொல்லவேண்டாம். டாஸ்மாக் வாசல்தான்.

பாவம், ரொம்ப கௌரவமாக வாழ்ந்த சொல் அது. துறைமுகத்தில் சரக்குக் கப்பல். லாரி ஷெட்டில் சரக்கு புக்கிங். தெருமுனையில் பலசரக்குக் கடை. சித்த வைத்தியரிடம் போனால் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாமே சரக்கு. யாழ்ப்பாணத்துச் சமையலறையில் மல்லியும் சீரகமும் கறிச்சரக்கு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அங்கே ஆக்கிப் போடுவதன் பெயரே சரக்குக் கறி. மேடையில் ஒருவர் அரைமணி நேரம் உளறிவிட்டு இறங்கினால், 'ஆளிடம் சரக்கு இல்லைப்பா' என்று எழுந்து போகிறோம்.

வியாபாரப் பொருள், மருந்து, மசாலா, விஷய ஞானம், கடைசியில் போதை. ஒரு சொல் இத்தனை வேஷம் கட்டியிருக்கிறது.

கிட்டத்தட்ட இதே வேஷங்களை, இதே வரிசையில் கட்டிய இன்னொரு சொல் இங்கிலீஷில் இருக்கிறது. ஸ்பைஸ்.

அகராதியைப் புரட்டினால் 'வாசனைத் திரவியம்', 'நறுமணப் பொருள்' என்று போட்டிருப்பார்கள். இதில் வாசனையும் நறுமணமும் நாமாகச் சேர்த்துக்கொண்டது. ஸ்பைஸ் என்ற சொல்லுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தால் ஏலக்காய் வாசம் வராது. கோடவுன் வாசம்தான் வரும். அது சமையல்காரர் வைத்த பெயரே இல்லை. கணக்குப்பிள்ளை வைத்த பெயர். சரியாகச் சொன்னால், சுங்க அதிகாரி வைத்த பெயர்.

லத்தீனில் 'ஸ்பெக்கரே' என்று ஒரு வினைச்சொல். பார்ப்பது என்று அர்த்தம். அதிலிருந்து பிறந்தது 'ஸ்பீசிஸ்'. கண்ணுக்குத் தெரிவது, தோற்றம். ஒரே மாதிரித் தோற்றம் உள்ளவை எல்லாம் ஒரு வகை அல்லவா? ஆகவே ஸ்பீசிஸ் என்றால் வகை. உயிரியல் வாத்தியார் இன்றைக்கும் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார். ஆனால் ரோமாபுரி வியாபாரிகளுக்குப் புலி, சிங்கத்தை வகை பிரிப்பதில் அக்கறை கிடையாது. கப்பலில் எத்தனை வகை வந்திருக்கிறது? அதுதான் கேள்வி. வகை என்பது மெதுவாகச் சரக்கின் வகையாகி, பிறகு சரக்கு என்றே ஆகிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் ஏராளம். ஸ்பெஷல் என்பது ஒரு பிள்ளை. நாணயத்தைக் குறிக்கும் 'ஸ்பெசி' இன்னொன்று. பி.காம் படித்தவர்கள் 'இன் ஸ்பெசி' என்ற பிரயோகத்தைக் கம்பெனிச் சட்டத்தில் உருப்போட்டிருப்பார்கள். சொத்தைப் பணமாக்காமல் அப்படியே பொருளாகப் பிரித்துக் கொடுப்பது. ஸ்பெக்கரேயின் தூரத்துப் பேரன் ஒருவர் உண்டு. இன்ஸ்பெக்டர்! உற்றுப் பார்க்கிறவர். சுங்க இன்ஸ்பெக்டரும் அவர் மூட்டை பிரித்துப் பார்க்கிற ஸ்பைஸும் சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர்கள் சந்தித்துக்கொண்ட இடத்துக்கு ஆவணமே இருக்கிறது.

கி.பி. 533-ல் பேரரசர் ஜஸ்டினியன், தனக்கு முந்தைய ரோமானியச் சட்ட அறிஞர்கள் எழுதியதையெல்லாம் திரட்டி 'டைஜெஸ்ட்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். இன்றைய ஐரோப்பியச் சட்டங்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டி. அதற்குள், 3-ம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மார்சியானுஸ் எழுதிய ஒரு பகுதியில், கிழக்கிலிருந்து வரும் சரக்குகளின் பட்டியல் ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தலைப்பு என்ன தெரியுமா? 'வரி கட்டவேண்டிய ஸ்பீசிஸ்'.

படித்துப் பாருங்கள். லவங்கப்பட்டை. திப்பிலி. வெள்ளை மிளகு. சடாமாஞ்சி. இஞ்சி. ஏலக்காய். இதுவரை நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும் மாதிரி இருக்கிறது. அடுத்து யானைத் தந்தம். இந்திய இரும்பு. முத்து. வைரம். மரகதம். பட்டு. சரி, விலை உயர்ந்த சாமான்கள். இன்னும் கீழே போனால், இந்தியாவிலிருந்து வந்த, விதையடிக்கப்பட்ட ஆண் அடிமைகள். அவர்களுக்கு அடுத்த வரியில் சிங்கம், பெண்சிங்கம், சிறுத்தை.

இஞ்சியும் ஒரு ஸ்பீசிஸ். மனிதனும் ஒரு ஸ்பீசிஸ். பட்டியல் எழுதியவருக்குக் கை நடுங்கியிருக்கும் என்று தோன்றவில்லை. அவர் பார்வையில் எல்லாமே ஒரே நெடுவரிசை. பெயர், எண்ணிக்கை, வரி.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சாமான் ஆய்வாளர்களை ரொம்பக் குழப்பியிருக்கிறது. கறுப்பு மிளகு! ரோமானியக் கப்பல்கள் மேற்குக் கடற்கரைக்கு ஓடி ஓடி வந்ததே அதற்காகத்தான். எகிப்தில் செங்கடல் ஓரத்து பெரெனிகே துறைமுகத்தில், ஒரு கோயில் முற்றத்தில் புதைத்து வைத்த இந்தியப் பானை ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. அப்பேர்ப்பட்ட சரக்கு வரிப் பட்டியலில் ஏன் இல்லை? ரோமானிய அடுப்படியில் அது அத்தியாவசியப் பொருளாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். இருக்கலாம். பால், அரிசிக்கு வரி போட யோசிக்கிற நிதி மந்திரிகளை நாமும் பார்த்திருக்கிறோமே.

வரி என்றால் ஏதோ 2 சதவீதம், 5 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கு. 25 சதவீதம்! இதற்கும் ஆதாரம் இருக்கிறது. வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் சுவடி ஒன்று, 1985-ல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்த விவகாரம். மறுபக்கத்தில் சேரர்களின் முசிறித் துறைமுகத்திலிருந்து 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் ஏறிய சரக்கின் கணக்கு. மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டெர்ஸ். ரோமில் ஒருவர் செனட்டர் ஆகவேண்டுமென்றால் குறைந்தது 10 லட்சம் செஸ்டெர்ஸ் சொத்து இருக்கவேண்டும். அதாவது ஒரே ஒரு கப்பலில் ஏழு செனட்டர்கள் மிதந்து போனார்கள்.

விற்றவர்களிடம் இந்தப் பொருள்களுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. மிளகு, இஞ்சி, ஏலம். நட்டு, தண்ணீர் பாய்ச்சி, பறித்துக் காயவைத்தவனுக்கு மிளகு வேறு, ஏலம் வேறு. அந்தப் பெயர்களும் கப்பலேறிப் போயின. 'இஞ்சி வேர்' என்பதுதான் பாலி, கிரேக்கம், லத்தீன் என்று வாய்க்கு வாய் தேய்ந்து ஜிஞ்சர் ஆனது என்கிறார்கள் மொழியியலார். பிப்பலி, அதாவது நம் திப்பிலி, கிரேக்கத்தில் பெப்பெரி ஆகி, லத்தீனில் பிப்பெர் ஆகி, இங்கிலீஷில் பெப்பர் ஆனது. கவனியுங்கள். திப்பிலியின் பெயரை மிளகுக்கு வைத்துவிட்டார்கள். வாங்குகிறவனுக்கு இரண்டும் காரமான கறுப்புச் சமாசாரம், அவ்வளவுதானே. வாங்குகிறவனுக்கு ஒரே சொல் போதும். ஸ்பீசிஸ். சரக்கு.

லத்தீன் தேய்ந்து பிரெஞ்சு ஆனபோது ஸ்பீசிஸும் தேய்ந்து 'எஸ்பிஸ்' ஆனது. நார்மன்களோடு கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து ஸ்பைஸ் ஆனது. அப்போதும் அர்த்தம் மாறவில்லை. ஃப்ளாரன்ஸ் நகரத்து பார்டி கம்பெனியில் வேலை பார்த்த பெகொலொட்டி என்பவர் 1340 வாக்கில் வியாபாரிகளுக்காக ஒரு கையேடு எழுதினார். எந்த ஊரில் என்ன எடை, என்ன நாணயம், என்ன சரக்கு என்று விலாவாரியாக. அதில் ஸ்பைஸ் என்று 288 அயிட்டங்களை அடுக்குகிறார். மிளகு, கிராம்பு சரி. சர்க்கரை வகை வகையாக வருகிறது. அதுவும் போகட்டும். மெழுகு? பஞ்சு? படிகாரம்? சாயப் பொருள்? எல்லாம் ஸ்பைஸ்தான்! தூர தேசத்திலிருந்து வந்து, கொஞ்சம் எடைக்கு நிறையக் காசு தந்தால் அது ஸ்பைஸ். இங்கிலாந்தின் யார்க்ஷைர் பக்கத்துப் பேச்சு வழக்கில் மிட்டாய்க்கு ஸ்பைஸ் என்று பெயர். சர்க்கரை ஸ்பைஸாக இருந்த காலத்தின் மிச்சம் அது.

பிரான்ஸில் இந்தச் சொல் கோர்ட்டுக்குள்ளும் நுழைந்தது. வழக்கில் ஜெயித்தவர் நீதிபதிக்கு நன்றி சொல்ல ஸ்பைஸ் கொடுப்பார். சர்க்கரைப் பாகில் தோய்த்த இனிப்புகள், வாசனைச் சாமான்கள். நம் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாளாக நாளாக ஸ்வீட் பாக்ஸ் கட்டாயமானது. அப்புறம் பாக்ஸ் எதற்கு, பணமாகவே கொடுத்துவிடு என்றானது. பெயர் மட்டும் மாறவில்லை. நீதிபதியின் கட்டணத்துக்குப் பெயர் 'எபிஸ்', ஸ்பைஸ்! 1789 புரட்சி வந்துதான் அதை ஒழித்தது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ரொக்கப் பணத்தை 'எஸ்பெஸ்' என்கிறார்கள். அதுவும் இதே ஸ்பீசிஸின் பிள்ளைதான்.

லண்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். மிளகு வியாபாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ராஜாவின் அனுமதி வாங்காமல் சங்கம் நடத்தியதற்காக 1180-ல் அபராதம் கட்டியதாகப் பதிவு இருக்கிறது. பிற்பாடு இந்தக் கூட்டத்திலிருந்துதான் 'கிராசர்ஸ் கம்பெனி' உருவானது. கிராசர் என்றால் இன்று மளிகைக்கடைக்காரர். அன்று 'கிராஸ்' ஆக, மொத்தமாக வாங்கி விற்கிறவர். மொத்த வியாபாரியின் பெயர் சில்லறைக் கடைக்காரரிடம் வந்து நின்றுவிட்டது. மருந்து விற்பவர்களும் இந்தச் சங்கத்தில்தான் இருந்தார்கள். இத்தாலியில் மருந்துக்காரருக்குப் பெயரே 'ஸ்பெட்ஸியாலே', ஸ்பைஸ்காரர். மளிகையும் மருந்தும் ஒரே கடை என்பது நமக்குப் புதிதில்லை, நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் தெரியும். லண்டனில் 1617-ல்தான் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் மருந்துக்காரர்கள் தனிக்குடித்தனம் போனார்கள்.

வியாபாரம் என்றால் கலப்படம் இருக்கும். மிளகில் மண், குச்சி, கல். நம் ஊர்ப் பப்பாளி விதை உத்திக்கு அவர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. அதைப் பிடிக்க லண்டனில் 'கார்ப்ளர்' என்று ஒரு அதிகாரி இருந்தார். கடைக்குள் நுழைந்து மூட்டையைப் பிரித்து, சலித்து, குப்பையை நீக்கி, முத்திரை வைப்பது அவர் வேலை. அரபு மொழியில் சலிப்பதற்கு 'கர்பலா'. அங்கிருந்து இத்தாலி வழியாக வந்த சொல் கார்பிள்.

இன்றைக்கு இங்கிலீஷில் 'கார்பிள்' என்றால் என்ன? குழப்புவது, உளறிக் கொட்டுவது, செய்தியைத் திரிப்பது! சலிப்பதும் திரிப்பதும் எப்படி ஒன்றாகும்? யோசித்தால் எளிது. ஒருவர் பேச்சிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் சலித்து எடுத்துப் போட்டால் அது திரிப்பதுதானே. பத்திரிகைக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன.

ஆனால் மிளகு வியாபாரத்தில் மட்டும் பழைய அர்த்தம் உயிரோடு இருக்கிறது. கேரளத்து மிளகின் தரப் பெயர்களைப் பாருங்கள். 'மலபார் கார்பிள்ட்'. 'தெலிச்சேரி கார்பிள்ட் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்ட்'. உளறிக் கொட்டிய மிளகு என்று அர்த்தமில்லை. சலித்துச் சுத்தம் செய்த மிளகு. லண்டன்காரன் மறந்த அர்த்தத்தை நம் தலைச்சேரி மூட்டைதான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

இதுவரை வேடிக்கை. இனி அவ்வளவு வேடிக்கை இல்லை.

இன்றைய இந்தோனேஷியாவின் கிழக்கே உள்ள தீவுக்கூட்டத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் 'ஸ்பைஸ் ஐலண்ட்ஸ்'. நம் பள்ளிப் பாடத்தில் நறுமணத் தீவுகள். எவ்வளவு அழகாக இருக்கிறது! அப்படியே நம் பழைய சொல்லில் பெயர்த்தால் சரக்குத் தீவுகள். ஊருக்கு அதன் சரக்கை வைத்துப் பெயர் சூட்டினால், அங்கே இருக்கும் ஜனங்கள் யார்? சரக்குக்கு இடைஞ்சல்.

அதில் பாண்டா என்று சில குட்டித் தீவுகள். அன்றைக்கு உலகத்தின் ஜாதிக்காய் மொத்தமும் அங்கேயிருந்துதான் வரவேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, எங்களுக்கு மட்டும்தான் விற்கவேண்டும் என்று அந்த மக்களிடம் ஒப்பந்தம் வாங்கியது. அவர்களோ வழக்கம்போல ஜாவாக்காரர், மலாய்க்காரர், இங்கிலீஷ்காரர் என்று யார் அரிசி கொண்டுவந்தாலும் விற்றார்கள். தீவில் நெல் விளையாது. ஜாதிக்காயைச் சாப்பிட்டு உயிர் வாழவும் முடியாது.

1621-ல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸூன் கூன் கப்பல் படையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை மூங்கில் பட்டிக்குள் அடைத்து, கூலிக்கு அழைத்து வந்திருந்த ஜப்பானிய வீரர்களை விட்டு வெட்டிக் கொன்றார்கள். கிராமங்கள் எரிந்தன. மலைக்கு ஓடியவர்கள் பட்டினியில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பலரை அடிமைகளாக பதாவியாவுக்கு ஏற்றினார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். மரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? வேறு தேசங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ரோமானியப் பட்டியலில் இஞ்சியும் மனிதனும் அடுத்தடுத்து இருந்ததைப் பார்த்தோம் அல்லவா? பாண்டாவில் ஜாதிக்காய் ஏற்றுமதி, மனிதர்கள் இறக்குமதி. கணக்கு நேராகிவிட்டது.

பாண்டாவில் இங்கிலீஷ்காரர்கள் உரிமை கொண்டாடிய ஒரு துக்கடாத் தீவு உண்டு. ருன் என்று பெயர். 1667-ல் பிரெடா உடன்படிக்கை கையெழுத்தானபோது, அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு என்று முடிந்தது. ருன் டச்சுக்காரர்களுக்கு. அவர்களிடமிருந்து பறித்த நியூ ஆம்ஸ்டர்டாம் இங்கிலீஷ்காரர்களுக்கு. அதுதான் நியூயார்க். அன்றைய பேலன்ஸ் ஷீட்டில் டச்சுக்காரர்கள்தான் லாபம் பார்த்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் கடத்தப்பட்டு மொரீஷியஸ், கிரெனடா என்று எங்கெங்கோ முளைத்தன. விலை சரிந்தது. விலை சரிந்த சரக்கின் சொல்லும் சரியும். 'பெப்பர்கார்ன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மிளகு. மத்திய கால இங்கிலாந்தில் நிலத்துக்கு வாடகையாக வருஷம் ஒரு பவுண்டு எடை மிளகு கொடு என்றால் அது உண்மையான வாடகை. குடியானவன் கஷ்டப்பட்டுப் புரட்டவேண்டும். பின்னாளில் 'பெப்பர்கார்ன் வாடகை' என்றால் ஒப்புக்கு வாங்கும் வாடகை. ஒரே ஒரு மிளகு. ஒப்பந்தம் செல்லவேண்டுமென்றால் ஏதாவது கைமாறவேண்டும் அல்லவா, அதற்காக.

மெர்க்கன்டைல் லா படித்தவர்களுக்கு 'கன்சிடரேஷன்' மறந்திருக்காது. 1959-ல் பிரிட்டனில் ஒரு பிரபல வழக்கு. நெஸ்லே கம்பெனி, மூன்று சாக்லேட் உறைகளும் கொஞ்சம் சில்லறையும் அனுப்பினால் இசைத்தட்டு தருவோம் என்று விளம்பரம் செய்தது. உறையை வாங்கிக் குப்பையில்தான் போடப்போகிறார்கள். அதுவும் விலையில் சேருமா? சேரும் என்றது பிரபுக்கள் சபை. வாங்குகிறவருக்கு மிளகே பிடிக்காது, தூக்கி எறிந்துவிடுவார் என்றாலும் ஒரு மிளகு செல்லுபடியாகும் கன்சிடரேஷன்தான் என்ற பொருள்பட நீதிபதி சோமர்வெல் எழுதியதை சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள்.

கதை இல்லை இது. பெர்முடா தீவில் பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்கு, 1816-லிருந்து குடியிருக்கும் சங்கத்தார் வருஷா வருஷம் வெள்ளித் தட்டில் ஒரே ஒரு மிளகை வைத்து, பேண்டு வாத்தியத்தோடு கவர்னரிடம் வாடகை கட்டுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, புதிதாகப் போடும் பெரும்பாலான நீண்டகாலக் குத்தகைகளில் நிலவாடகை வருஷத்துக்கு ஒரு பெப்பர்கார்னுக்கு மேல் கூடாது. பூஜ்யம் என்று எழுதவில்லை. மிளகு என்றே சட்டத்தில் இருக்கிறது. முசிறியில் பொன்னுக்கு விற்ற சாமான், லண்டன் சட்டப் புத்தகத்தில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு மறுபெயர்.

ஸ்பைஸுக்கும் அதே கதிதான். 'அவரிடம் ஒரு ஸ்பைஸ் பொறாமை இருந்தது' என்று பழைய இங்கிலீஷில் எழுதினால் லேசாக, ஒரு துளி என்று அர்த்தம். 19-ம் நூற்றாண்டில் 'ஸ்பைசி' என்றால் கிளுகிளுப்பான விஷயம். நாம் மசாலாப் படம் என்கிறோமே, அந்த மாதிரி. (மசாலாவும் அரபியில் வெறுமனே 'தேவையான பொருட்கள்'தான். அங்கேயும் வாசனை இல்லை!) 1938-ல் ஆண்களின் கன்னத்துக்கு ஓல்டு ஸ்பைஸ் வந்தது. 1996-ல் ஐந்து பெண்கள் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்று பாடி உலகத்தை ஆட்டிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கடைசி வேஷம். 2000-களின் நடுவில் ஐரோப்பியக் கடைகளில் பளபளக்கும் குட்டிப் பாக்கெட் ஒன்று தலைகாட்டியது. ஊதுபத்தி மாதிரி கொளுத்துவதற்கான மூலிகைக் கலவை என்று லேபிள். பெயர் ஸ்பைஸ். ஜனங்கள் அதைப் புகைத்தார்கள். கஞ்சா மாதிரி, அதைவிட மோசமாகத் தூக்கியடித்தது. 2008-ல் ஜெர்மனியில் பிரித்துச் சோதித்தபோது, உலர்ந்த இலைதழைகளின்மேல் ஒரு ரசாயனம் தெளிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காகத் தயாரித்தது. அவர் பெயரின் முதலெழுத்துக்களாலேயே ஜே.டபிள்யூ.எச்-018 என்று அதற்குப் பெயர். மருந்து தேடப் போன மனிதர். அவர் வெளியிட்ட சூத்திரத்தை எவனோ எடுத்துக் கடை போட்டுவிட்டான்.

ஜெர்மனி 2009 ஜனவரியில் தடை செய்தது. பிரிட்டன் அதே வருஷம் டிசம்பரில். தயாரிப்பாளர்கள் மூலக்கூறில் ஓர் ஓரத்தை மாற்றி, தடைக்கு வெளியே புதுச் சரக்கு இறக்கினார்கள். அதையும் தடை செய்தால் இன்னொன்று. சட்டம் துரத்தி அலுத்து, 2016-ல் போதை தரும் எதையும் விற்கக் கூடாது என்று பிரிட்டன் பொத்தாம்பொதுவாக ஒரு சட்டமே போட்டது. அதற்கு அடுத்த வருஷம் மான்செஸ்டர் வீதிகளில், வீடில்லாதவர்கள் பட்டப்பகலில் நின்ற நிலையிலேயே சிலையாக உறைந்து கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சிறைச்சாலைகளில் காகிதத்தில் தோய்த்து, கடிதம் மாதிரி உள்ளே அனுப்புகிறார்கள்.

மான்செஸ்டர் போலீஸ்காரரிடம் போய் 'ஸ்பைஸ் எங்கே கிடைக்கும்?' என்று அப்பாவியாகக் கேட்டுவிடாதீர்கள். அவர் உங்களை மளிகைக்கடைக்கு அனுப்பமாட்டார். பையைத் திறக்கச் சொல்வார். மூட்டை பிரித்துப் பார்க்கிற அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தாயிற்று. அவர் கையில் மறுபடி ஒரு பட்டியல். இந்த முறை 25 சதவீதம் வரி கட்டிவிட்டுப் போகமுடியாது.